நிலாத் தண்ணீரா, சிறுகோள் தண்ணீரா?

குறிகட்டுவானில் சீமெந்துப் பை ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். லொறியால் இறக்க ஒரு கூலி, படகில் ஏற்ற ஒரு கூலி, நெடுந்தீவில் இறக்க இன்னொன்று. வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரமுன்னமே பையின் விலை ஏறிவிடும். அங்குள்ள பழைய வேலிகளோ பவளக்கல்லைச் சாந்தே இல்லாமல் அடுக்கியவை. ஒரு கல்கூடக் கடல் தாண்டி வந்ததில்லை.

விண்வெளியில் குடியேறும் கணக்கும் இதுதான். குடிக்கவும் மூச்சுவிடவும் தண்ணீர் வேண்டும். ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்தால் அதுவே ரொக்கெட் எரிபொருள். பூமியிலிருந்து சுமப்பதைவிட அங்கேயே எடுப்பது நல்லது. எங்கே எடுப்பது? நிலாவின் பனியிலிருந்தா, சூரியனைச் சுற்றும் பாறைகளான சிறுகோள்களிலிருந்தா?

சிறுகோளில் பிளாட்டினம் தோண்டலாம் என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பென்னு சிறுகோளிலிருந்து நாசா 2023இல் கொண்டுவந்தது 121.6 கிராம், செலவு நூறு கோடி டொலருக்கு மேல். அது ஆய்வுப் பயணம், வியாபாரம் அல்ல. ஆனாலும் கிராமுக்கு 80 இலட்சம் டொலர் தாண்டுகிறது. பிளாட்டினம் கிராம் சில பத்து டொலர்தான். தொன் கணக்கில் வந்தால் அந்த விலையும் விழும்.

தண்ணீருக்கு வருவோம். புறப்படும் செலவில் சிறுகோளை வெல்ல முடியாது. பென்னுவின் ஈர்ப்பிலிருந்து விடுபட செக்கனுக்கு 20 சென்ரிமீற்றர் வேகம் போதும், கையால் தள்ளிவிடுகிற அளவு. நிலாவிலிருந்து கிளம்ப 2.4 கிலோமீற்றர் வேண்டும். நிலாவின் பனியும் இலேசில் கிடைக்காது. 2009இல் நாசா நிலாவின் தென்முனைக்குக் கிட்டவுள்ள கபேயஸ் குழியில் ரொக்கெட் பாகமொன்றை மோதவிட்டபோது கிளம்பிய தூசியில் தண்ணீர் இருந்தது உறுதியானது. வெயிலே படாத அந்தக் குழிகளில் குளிர் மைனஸ் 200 பாகைக்கும் கீழே. இயந்திரத்தின் எண்ணெயே உறைந்துபோகும்.

இருந்தும் நான் நிலாவின் பக்கம்தான். காரணம் நாட்கள். நிலாவுக்கு மூன்று நாள். சமிக்ஞை போக ஒன்றேகால் செக்கன். இங்கிருந்தே இயந்திரத்தை ஓட்டலாம், துளையிடும் அலகு முறிந்தால் அடுத்த மாதமே வேறொன்று அனுப்பலாம். பென்னுவோ ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான் பூமிக்குக் கிட்ட வரும். நாசாவின் கலம் 2016இல் போய்த் திரும்ப ஏழு வருடம் எடுத்தது. இன்றைய படகைத் தவறவிட்ட நெடுந்தீவு ஆசிரியர் நாளைக்குப் போகலாம். பென்னுவில் ஒரு வால்வு பழுதானால், முதலீடு போட்டவர் ஆறு வருடம் வட்டி கட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

செவ்வாய்ப் பயணங்கள் வழக்கமான பிறகு சிறுகோள் முந்தலாம். முதல் தண்ணீர்த் தாங்கியை மட்டும் நிலாவின் தென்முனையில் வையுங்கள்.