விந்துப் பரிசோதனை: எண்ணுவதில் சுத்தம், கேட்பதில் பஞ்சம்

திருகோணமலை நகரில் உள்ள ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் விந்துப் பரிசோதனையைப் பற்றியது இது. வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் தம்பலகாமத்தில் வயலுக்கு மருந்தடிக்கிறவரும் வங்கியில் ஏசிக்குள் இருக்கிறவரும் அங்கே நிரப்புவது ஒரே படிவம். என்ன தொழில் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வாயகன்ற சுத்தமான போத்தல் தருகிறார்கள். 2 முதல் 7 நாள் உறவு, சுயஇன்பம் இரண்டும் கூடாது என்பதைக் கவுண்டரில் உரக்கச் சொல்லாமல் தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். மாதிரி எடுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. இதையும் எழுத வேண்டுமா என்று சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் அதுதான் பெரிய வசதி.

வீட்டில் எடுத்துக் கொண்டுபோகவும் விடுகிறார்கள், ஒரு மணித்தியாலத்துக்குள் சேர்க்க வேண்டும். கிண்ணியாக்காரருக்குச் சரிவரும். மூதூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் அங்கேயே கொடுப்பது நல்லது. போத்தலைச் சட்டைப் பையில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் மத்தியான வெயிலில் வைத்தால் சூட்டிலேயே அணுக்களின் ஓட்டம் கெடும். ஐஸும் வேண்டாம். சாதாரண ஆணுறையில் எடுக்கவே கூடாது. முதல் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும்.

றிப்போர்ட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுக் கீழெல்லை அளவுகள் இருக்கின்றன: விந்து 1.4 மில்லிலீற்றர், விந்தணுக்கள் மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், அவற்றில் அசைவுள்ளவை 42 வீதம், சரியான வடிவமுள்ளவை 4 வீதம். இதற்குக் கீழே போனால் பிள்ளை கிடைக்காது என்று அர்த்தமில்லை. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களிலும் 5 வீதமானோர் ஒவ்வொரு அளவிலும் இதற்குக் கீழேதான் இருந்தார்கள். இந்த விளக்கத்தை றிப்போர்ட்டில் போடாதது தவறு.

படிவத்தின் குறை இதைவிடப் பெரிது. 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற புழுக்கொல்லி செய்த தொழிற்சாலையில், தங்களில் பலருக்குப் பிள்ளையில்லை என்பதைத் தொழிலாளர்களே கவனித்த பிறகுதான் பரிசோதனை நடந்தது. பலருக்கு அணுக்கள் மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. தொழிலைக் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது.

ஆகவே நீங்களே ஒரு தாளில் எழுதி டொக்டரிடம் கொடுங்கள். கிருமிநாசினிப் போத்தல் லேபிளில் உள்ள பெயர், கடைசியாக அடித்த திகதி, முதுகில் சுமக்கும் டாங்க் ஒழுகுமா, சாரத்தோடு அடித்தீர்களா. கடைசிக் கேள்வி முக்கியம்: விரைப்பைத் தோல் முன்கைத் தோலைவிடப் பல மடங்கு உறிஞ்சும். மாஸ்க் போட்டுக்கொண்டு நனைந்த சாரத்தோடு நின்றால் பாதுகாப்பு பாதிகூட இல்லை. பற்றரிக் கடையில் வேலை என்றால் இரத்தத்தில் ஈயம் பார்க்கக் கேளுங்கள். பைபர் படகு திருத்துகிறவர் ரெசின் பெயரையும் எழுதட்டும்.

ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள், வெளியே வர மேலும் ஓரிரு கிழமை. பெரும்போகத்தில் நவம்பர் கடைசியில் மருந்தடித்துவிட்டு டிசம்பர் முதல் கிழமையில் சோதித்தால், அந்த மருந்து செய்தது முழுதாகத் தெரியாது. முதல் றிப்போர்ட் குறைவாக வந்தால், மருந்தை விட்ட நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணி, அதே ஆய்வுகூடத்தில், முதல்முறை விலகியிருந்த அதே நாட்கணக்கோடு மறுபடி கொடுங்கள்.