ஆடிக் குளிருக்குச் சூடான பழப் பஞ்ச்: திராட்சையா, ஆப்பிளா, ரூய்போஸா?

தமிழ்நாட்டில் ஆடி என்றால் காற்று. தென்னாப்பிரிக்காவில் எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆடி என்றால் குளிர். கோயிலில் கூழ் ஊற்றி முடிந்ததும் மாலையில் சொந்தபந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான் கூடும். விரத மாதம், மசாலா போட்டு ஒயினைச் சூடாக்கித் தர முடியாது. குழந்தைகளிலிருந்து அத்தைமார் வரைக்கும் குடிக்கிற மாதிரி சூடாக ஒரு பழப் பஞ்ச் வேண்டும். மூன்று ஆடியில் மூன்று விதமாகச் செய்தேன். இனிமேல் எனக்கு ரூய்போஸ்தான், டீ மாதிரி கொதிக்கவைக்கிற ஒரு செடி.

முதல் வருஷம் சிவப்புத் திராட்சைச் சாறு. முதல் டம்ளரை மட்டும் வைத்துச் சொன்னால் மூன்றிலும் இதுதான் உசத்தி. நிறமும் மணமும் அப்படி. ஆனால் 100 மில்லிக்கு ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை. நீரிழிவுக்காரர்கள் அரை டம்ளரிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஆப்பிள் சாறு. பட்டைக்கு நல்ல ஜோடி, இனிப்பும் குறைவு, ஆனால் தனியாகக் குடித்தால் சப்பென்றிருக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம். எங்கள் வீட்டுக்கு யாரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் ஆறு மணிக்கு, டர்பனிலிருந்து வருகிறவர்கள் ஒன்பதுக்கு. அந்த மூன்று மணி நேரமும் பானை அடுப்பில் இருந்தாக வேண்டும். திராட்சைச் சாறு எட்டு மணிக்கே வற்றிப் பாகு மாதிரி ஆகிவிட்டது. கிராம்பு ஏறி நாக்கு மரத்தது. தண்ணீர் விட்டால் ருசி போனது, சாறு விட்டால் இன்னும் தித்தித்தது. கடைசியாக வந்த பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவு தூரம் வந்தவருக்கு இப்படிக் கொடுத்துவிட்டோமே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

ரூய்போஸ் அங்கேதான் ஜெயிக்கிறது. கேப்டவுனுக்கு வடக்கே செடர்பெர்க் மலைப்பக்கம் விளைகிற செடி. தேயிலை இனமே இல்லை. துவர்ப்பு மிகக் குறைவு, அதனால் சாதாரணத் தேயிலை மாதிரி கொதிக்கக் கொதிக்கக் கசக்காது. காஃபின் கிடையாது, ராத்திரி குழந்தைகளுக்கும் தரலாம். வற்றினால் இன்னொரு கெட்டில் ரூய்போஸ் போட்டு ஊற்றினால் போதும், ருசி நிலைக்கு வந்துவிடும்.

இரண்டு லிட்டர் தண்ணீரில் எட்டு ரூய்போஸ் பைகளைப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள். விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு ஆறு, ஏலக்காய் நாலு, தட்டிய இஞ்சி, நார்ச்சிப் பழத் (இங்கத்திய கமலா ஆரஞ்சு) தோல் கொஞ்சம், எல்லாம் மெல்லிய துணியில் முடிச்சாக உள்ளே போகட்டும். பொடி வேண்டாம், அடியில் சேறாகத் தங்கும். (நார்ச்சி என்கிற பேரே நம் நாரத்தையிலிருந்து வந்ததாக அகராதியில் இருக்கிறது. பழம் உரிக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.) ஒரு லிட்டர் ஆப்பிள் சாறு சேர்த்து, ஆவி பறக்கிற அளவுக்கு மட்டும் தீயை வையுங்கள். இருபது நிமிஷத்தில் முடிச்சை மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஆரஞ்சுச் சாறும் சேர்ப்பதானால் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் இங்கே மலிவாகக் கிடைப்பது நேவல் என்கிற ஆரஞ்சு ரகம். அதன் சாறு சூட்டிலோ நேரம் போனாலோ கசந்துவிடும். பானையில் பிழியாமல் டம்ளரில் ஊற்றும்போது பிழியுங்கள். கூழ் காய்ச்சிய அலுமினிய அண்டாவையும் இதற்கு எடுக்க வேண்டாம். பழப் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வர்தான் சரி.

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சுற்றில் குடித்து முடிக்கிற வீடாக இருந்தால் திராட்சையே செய்யுங்கள், நானும் அதைத்தான் செய்வேன். அன்னாசிச் சாறு ஒரே ஒரு தடவை, அதுவும் நாலு பேருக்குத்தான் செய்திருக்கிறேன்; நன்றாக இருந்தது, ஆனால் பெரிய பானையில் மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்ததில்லை. ரூய்போஸ் மிஞ்சினால் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். போன ஆடியில் ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிய பெரியம்மா காலையில் அதைத்தான் சூடுபண்ணிக் கேட்டார், இரண்டு டம்ளர்.