மாதிரிப் பணி என்று கேட்டு முழு ஏபிஐ ஆவணத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்

டெக்னிகல் ரைட்டர் வேலை, அதாவது மென்பொருளுக்கு விளக்க ஆவணம் எழுதும் வேலை தருவதாகச் சொல்லி, தேர்வு என்ற பெயரில் என்னிடம் பதினோரு ராத்திரி வேலை வாங்கிவிட்டு ஒரு நிறுவனம் பேச்சை நிறுத்திவிட்டது. இப்போது அவர்கள் தளத்தில் இருப்பது நான் எழுதிய ஆவணம். வீட்டிலிருந்தே இந்த வேலை தேடுகிறவர்கள், முக்கியமாக எங்கள் ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

எனக்குத் தங்கச்சிமடம். இரண்டு வருடம் சென்னையில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்கு வந்தேன். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில் கிடக்கும். வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது. அந்த நேரத்தில் மாதம் 35,000 ரூபாய் என்று ஒரு மெயில் வந்தால் யாருக்குத்தான் மனசு ஓடாது?

ஆவணம் எழுத வேண்டியது பார்சல் அனுப்பும் ஒரு சேவையின் ஏபிஐக்கு. ஏபிஐ என்றால் ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை கேட்டுப் பதில் வாங்கும் வழி. முதலில் நான்கு எண்ட்பாயிண்டுக்கு, அதாவது ஏபிஐயில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள தனி முகவரிக்கு, மாதிரி எழுதித் தரச் சொன்னார்கள். ஓட்டிப் பார்க்க அனுமதி தரும் டெஸ்ட் கீயும் கொடுத்தார்கள். நல்லபடியாக நடத்துகிறார்களே என்று நினைத்தேன். எழுதி அனுப்பியதும், “ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கள் நடைக்குப் பழகிக்கொள்ள இன்னும் ஐந்து எழுதுங்கள்” என்றார்கள். அதையும் எழுதினேன். அப்புறம் எரர் கோடுகளின், அதாவது பிழை வந்தால் திரும்பும் எண்களின் அட்டவணை. கடைசியாக, புதிதாக வரும் டெவலப்பருக்கான தொடக்க வழிகாட்டி.

இந்த வேலையில் எழுதும் நேரத்தைவிட ஓட்டிப் பார்க்கும் நேரம்தான் அதிகம். டெவலப்பர் கொடுத்த, ஏபிஐயின் விவரம் அடங்கிய யாம்ல் கோப்பில் எடை முழு எண் என்று இருந்தது. ஏபிஐயை ஓட்டிப் பார்க்கும் போஸ்ட்மேன் செயலியில் 12.5 என்று அனுப்பினால் அதையும் ஏற்றுக்கொள்கிறது. கட்டாயம் இல்லை என்று குறித்திருந்த போன் நம்பரை விட்டால் 400, அதாவது கோரிக்கை தவறு என்று திருப்புகிறது. ஒரு நிமிடத்தில் அறுபது முறைக்கு மேல் அழைத்தால் 429, அதாவது அளவுக்கு மேல் அழைத்துவிட்டீர்கள் என்ற பிழை வருகிறது, எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதோ பதிலில் இல்லை. திரும்பத் திரும்ப ஓட்டி, முப்பது விநாடி என்று கண்டுபிடித்து எழுதினேன். காற்று வீசினால் எங்கள் தெருவில் நெட் போய்விடும். வந்த பிறகு மறுபடி முதலிலிருந்து ஓட்டுவேன்.

எடுத்துக்காட்டுகளுக்கு நான் எப்போதுமே உண்மையான தகவல் மாதிரிதான் கொடுப்பேன். வெறும் எழுத்துகளைப் போட்டு வைத்தால் படிக்கிறவருக்கு எதுவும் புரியாது. அதனால் தங்கச்சிமடம், பின்கோடு 623529, தெர்மாகோல் பெட்டியில் 12 கிலோ கணவாய், மதுரைக்கு என்று போட்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அனுப்பிய மறுநாள் ஒரு சந்தேகம் வந்து கீயைப் போட்டுப் பார்த்தேன். 401, அதாவது அனுமதி இல்லை என்று வந்தது. கீயை ரத்து செய்துவிட்டார்கள். மெயிலுக்குப் பதில் இல்லை, போனை எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அவர்களுடைய டெவலப்பர் பக்கம் திறந்தது. அதில் என் கணவாய்ப் பெட்டி அப்படியே இருந்தது. முப்பது விநாடியும் இருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதை ஆவணம் எழுதப் பழகுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழக்கரையிலிருந்து ஒரு அக்கா உடனே போன் செய்தார். அவருக்கும் அதே மெயில், அதே வார்த்தைகள். அவரிடம் வெப்ஹுக், அதாவது ஏதாவது நடந்தால் சேவை தானாகத் தகவல் அனுப்பும் பகுதியை வாங்கியிருக்கிறார்கள். “நீ எதை எழுதின, சொல்லு” என்று கேட்டுக் கேட்டு இருவரும் அந்தப் பக்கத்தை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்துச் சம்பளமே இல்லாமல் முழு ஆவணத்தையும் சேர்த்திருக்கிறார்கள்.

தேதிகளோடும், எப்போது எதை எழுதினேன் என்று காட்டும் கிட்ஹப் தளத்து வரலாற்றோடும் அந்த நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினேன். தேர்வுக்கு எழுதியது தங்களுக்கே சொந்தம் என்று ஒரு வரிப் பதில். இது தவறு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையில் சேராத ஒருவர் தானாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் அவரேதான். உரிமையை மாற்றித் தர எழுத்தில் கையெழுத்து வேண்டும். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அதைச் சுட்டிக்காட்டியதும் அவர்கள் செய்தது ஒன்றுதான்: பின்கோடை 600001 என்று மாற்றினார்கள். கணவாயை மாற்ற மறந்துவிட்டார்கள். பணம் இன்றுவரை வரவில்லை.

நேர்மையான தேர்வு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சென்னையில் சேர்ந்தபோது எனக்கு ஸ்வாக்கரின் பெட்ஸ்டோர் என்ற பொது மாதிரி ஏபிஐயைத்தான் கொடுத்தார்கள், இரண்டு மணி நேர வேலை. நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்று பார்க்க அது போதும். அவர்களுடைய இன்னும் வெளிவராத ஏபிஐயைக் கொடுத்து, அதில் திருத்தமும் கேட்கிறார்கள் என்றால் அது வேலை. பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் தொடாதீர்கள். கீ ரத்தாகும் முன் ஓட்டிப் பார்த்த பதில்களையெல்லாம் தேதியோடு சேமித்து வையுங்கள். தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர்கள் உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவையும் முதலிலேயே செய்துவிடுங்கள், அது இலவசம். பதிவு இருந்தால், 45 நாளுக்கு மேல் பணம் தராதவர்கள் மீது மத்திய அரசின் சிறு தொழில் நிலுவைப் புகார் தளத்தில் புகார் கொடுக்கலாம். எனக்கு அப்போது பதிவு இல்லை.

அந்தப் பக்கத்தில் பணம் திருப்பித் தரும் பகுதி ஒன்று இருக்கிறது. நானும் எழுதவில்லை, கீழக்கரை அக்காவும் எழுதவில்லை. பொறுமையாக, ஒவ்வொரு எரருக்கும் காரணம் சொல்லி, யாரோ அருமையாக எழுதியிருக்கிறார்கள். மே மாதம் பார்சல் சேவை ஒன்றுக்கு ரீஃபண்ட் பற்றி மாதிரிப் பணி எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் பதிலுக்குக் காத்திருப்பவர் நீங்கள் என்றால், எனக்குத் தகவல் அனுப்புங்கள். மூன்று பேராகச் சேர்ந்து நோட்டீஸ் அனுப்புவோம்.