கியர் பாக்ஸைத் தொடாமலே கோளாறைக் கண்டுபிடித்த மெக்கானிக் சர்வீஸ்

வண்டி நின்ற இடத்துக்கே வந்து பார்க்கும் ஒரு மெக்கானிக் சர்வீஸைப் பற்றி எழுதுகிறேன். பழைய ஃபோர் வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே.

என்னுடையது 1998 மாடல். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வகை. நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் (இழுவையை இரண்டு பக்கமாகப் பிரித்து, வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி), அதற்கு ஒரு லாக் (இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு). சிக்னலில் நின்று கிளம்பும்போது பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதோடு இழுவை போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது. டிரைவ், ரிவர்ஸ், லோ எதில் போட்டாலும் வண்டி அசையவில்லை.

முதலில் போன் செய்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பார்க்காமலே, “கியர் பாக்ஸ் போயிடுச்சு, இறக்கிடலாம்” என்றார்கள். வயசான ஆட்டோமேட்டிக் என்றாலே இந்தப் பதில்தான் வருகிறது. இது என்னைக் கோபப்படுத்துகிறது. கியர் பாக்ஸிலிருந்து சக்கரம் வரைக்கும் எத்தனை பாகங்கள் இருக்கின்றன! டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி, நடு டிஃபரன்ஷியல் இதற்குள்தான்), அங்கிருந்து முன்னும் பின்னும் போகும் நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், முன்னும் பின்னும் இன்னும் இரண்டு டிஃபரன்ஷியல், ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்ற வைக்கும் நாலு ஆக்ஸில் ஷாஃப்ட். இதில் எது விட்டுப்போனாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றுதான்: வண்டி நகரவில்லை.

இந்த சர்வீஸ்காரர் போனிலேயே கேள்வி கேட்க ஆரம்பித்தார். “அக்கா, முதல்ல சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல் வைங்க. அப்புறம் டிரைவ்ல போட்டு லேசா ஆக்ஸிலரேட்டர் குடுங்க. ஸ்பீடோமீட்டர் முள் ஏறுதா?” வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, முள் ஏறியது. “அப்போ கியர் பாக்ஸ் பிடிக்குது. நான் வர்ற வரைக்கும் பார்க்கையும் நம்பாதீங்க, ஹேண்ட் பிரேக்கையும் நம்பாதீங்க, கல்லை எடுக்காதீங்க.”

கல்லை ஏன் அவ்வளவு வலியுறுத்தினார் என்பது பிறகு புரிந்தது. பார்க்கில் போட்டால் பூட்டுவது சக்கரத்தை அல்ல, கியர் பாக்ஸின் வெளி ஷாஃப்டை. வழியில் ஏதாவது அறுந்திருந்தால் அந்தப் பூட்டு சக்கரம் வரை போய்ச் சேராது. என் வண்டியைப் போன்ற சிலவற்றில் ஹேண்ட் பிரேக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. சரிவில் நின்றிருந்தால் இரண்டுமே கைவிட்டிருக்கும்.

நேரில் வந்ததும் கியர் பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தார். ஆயில் சிவப்பாக இருந்தது, கருகல் வாடை இல்லை. இன்ஜின் நின்றிருக்கும்போது ஒரு அளவு, ஸ்டார்ட் செய்தபின் இன்னொரு அளவு பார்த்தார். ஸ்டார்ட் செய்ததும் அளவு இறங்கினால் பம்ப் ஆயிலை இழுத்து கன்வெர்ட்டருக்கு (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) அனுப்புகிறது என்று அர்த்தம். இறங்காமல் அப்படியே நின்றால் பம்ப் மேலோ ஃபில்டர் மேலோ சந்தேகப்படலாம். எனக்கு இறங்கியது. லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் இணைப்பையும் அசைத்துப் பார்த்தார். அது கழன்றிருந்தால் நாம் டிரைவில் வைத்தாலும் உள்ளே நியூட்ரலிலேயே கிடக்கும்.

பிறகு என்னை டிரைவில் போடச் சொல்லிவிட்டு, எட்ட நின்று குனிந்து அடியில் பார்த்தார். பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறது, முன்னது சுற்றவில்லை. நேராகப் பின் சக்கரங்களுக்குப் போனார். இன்ஜினை நிறுத்தி, சக்கரத்தின் மையமான ஹப் நடுவில் இருந்த ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு மறுபடி டிரைவில் போடச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். ஆக்ஸில் ஷாஃப்டின் நுனி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பற்களால் பிடித்துச் சக்கரத்தோடு இணைக்க வேண்டிய தட்டான ஃப்ளேஞ்ச் அசையாமல் நின்றது. ஃப்ளேஞ்சைக் கழற்றியபோது பற்களே இல்லை. வழவழவென்று தேய்ந்து, செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. கிரீஸ் வற்றிய ஸ்ப்ளைனில், அதாவது ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அந்தப் பற்களில், வருவது அது.

டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது கொஞ்ச காலமாகவே ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்கும் இதுதான் காரணம் என்றார்.

அடுத்துச் செய்து காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. நடு டிஃபரன்ஷியலின் லாக்கைப் போட்டு, கற்களை எடுத்துவிட்டு மெதுவாக நகர்த்தச் சொன்னார். வண்டி நகர்ந்தது! லாக் இல்லாதபோது முழு இழுவையும் எதிர்ப்பே இல்லாத பின்பக்கம் ஓடி வீணாகிறது. லாக் போட்டால் முன் சக்கரங்களுக்கும் போய்ச் சேர்கிறது. லாக் போட்டதும் இழுவை திரும்பினால் கோளாறு பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அப்பால்தான். அதற்காக எல்லா வண்டியையும் இப்படி ஓட்டிவிடக் கூடாது என்றும் சொன்னார். சில வகை ஆக்ஸிலில் சக்கரத்தைத் தாங்குவதே அந்த ஷாஃப்ட்தான். அது உடைந்தால் சக்கரமே கழன்று வெளியே வரலாம்.

ஸ்கேனரைக் கடைசியில்தான் எடுத்தார். எலெக்ட்ரானிக்ஸில் கோளாறு என்றால் பெரும்பாலும் கியர் பாக்ஸ் ஒரே கியரில் மாட்டிக்கொண்டாவது வண்டியை நகர்த்தும், இப்படி மொத்தமாகக் கைவிடாது என்பது அவர் கணக்கு. அந்த வரிசை சரி என்றே நினைக்கிறேன். ரிவர்ஸ் மட்டும் வேலை செய்து டிரைவ் போயிருந்தால் கியர் பாக்ஸுக்குள் முன்னால் போக வைக்கும் கிளட்சைச் சந்தேகப்பட்டிருப்பாராம்.

குறைகளும் உண்டு. உதிரி பாகம் கையில் இல்லை, வரவழைத்துப் போடும் வரை வண்டி சும்மா நின்றது. என்ன பார்த்தார், என்ன மாற்றினார் என்று எழுத்தில் எதுவும் தரவில்லை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கியர் பாக்ஸுக்குள் ஆயில் பிரஷர் அளக்கும் கேஜ் இவர்களிடம் இல்லை, அதை மறைக்கவும் இல்லை. உள்ளே கிளட்ச் எரிந்திருந்தால் வேறு ஆளைத்தான் தேட வேண்டும்.

ஷாஃப்ட், ஃப்ளேஞ்ச் இரண்டையும் ஜோடியாக மாற்றி, கிரீஸ் அடைத்து முடித்தார். நான் கேட்காமலே எதிர்ப்பக்கத்தையும் திறந்து பார்த்தார். அங்கேயும் தேய்மானம் தொடங்கியிருந்தது, அதையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.