கன்மெட்டல் என்று சொல்லிப் பித்தளை கொடுத்தார்கள்: சின்னக் காற்றாலை செய்கிறவர்கள் கவனிக்க

பாலக்கோடு பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஒரு சின்னக் காற்றாலை நிற்கிறது. இப்போது நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் அது சுற்றுவதற்கு முன்னால் ஒரு லேத் பட்டறையில் 5,600 ரூபாயையும், அந்த வருஷத்து ஆடிக் காற்றில் பெரும்பகுதியையும் தொலைத்தேன். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் பேச்சு முழுக்க அந்த ஆளைப் பற்றியே போய்விடும், அச்சைத் தாங்கும் உலோக வளையமான புஷ்ஷைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

தோப்பில் சோலார் ஏற்கெனவே இருக்கிறது. ஆடியில் நாலு நாள் மேகம் மூடினால் பேட்டரி படுத்துவிடும். அம்மியைத் தூக்கும் காற்று அடிப்பதும் அதே நாட்களில்தான். அதையும் பிடித்து 24 வோல்ட் பேட்டரியில் போடலாம் என்று ஆரம்பித்தேன். எட்டடி விட்டத்துக்கு மூன்று மர இறக்கை. கியர் கிடையாது, இறக்கை சுற்றும் அதே அச்சில்தான் ஜெனரேட்டர். 300 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு இரும்புத் தட்டு, தட்டுக்கு 12 நியோடைமியம் காந்தம், இரண்டுக்கும் நடுவில் ரெசினில் வார்த்த 9 செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில். ஸ்காட்லாந்துக்காரர் ஹியூ பிகாட் உலகம் முழுக்கப் பரப்பிய அமைப்பு இது. அவர் பேரிங்குக்கு மோட்டார் வண்டிச் சக்கரத்தின் நடுவில் பேரிங்கோடு இருக்கும் ஹப்பைத்தான் போடச் சொல்கிறார். நான் கேட்கவில்லை. காயில் நான் சுற்றியது, இறக்கை நான் செதுக்கியது, பேரிங் மட்டும் எதற்குக் கடைச் சரக்கு என்ற வீம்பு. இந்தக் கதையில் என் பங்குத் தப்பு அதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வைகாசியில் வரைபடத்தோடு பட்டறைக்குப் போனேன். 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட், அதாவது அச்சுத் தண்டு, கார்பன் கூடிய ஈஎன் 8 இரும்பில். அதைத் தாங்க, வெள்ளீயம் சேர்ந்த செம்புக் கலவையான கன்மெட்டலில் இரண்டு புஷ், நடுவில் 90 மில்லிமீட்டர் இடைவெளி. புஷ் உட்காரக் கனமான குழாயில் ஒரு வீடு. லேத்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். "நல்ல வேலை சார். பேரிங்லாம் என்னா சார், ரெண்டு வருஷம் வரும். புஷ்ஷு காலத்துக்கும் நிக்கும். லாரி இன்ஜின் கிராங்கே புஷ்லதான் ஓடுது, தெரியுமில்ல?" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் சொன்னது பொய்யும் இல்லை, இன்ஜினின் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்ட் ஓடுவது புஷ்ஷில்தான். ஆனால் அங்கே ஒரு பம்ப் இடைவிடாமல் எண்ணெயை அழுத்தித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரும்பு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. என் காற்றாலை நிமிஷத்துக்கு 300 சுற்றுக்கு மேல் போவதே அபூர்வம். அந்த வேகத்தில், கிரீஸை வைத்துக்கொண்டு, படலம் ஒழுங்காக உருவாகாது. உலோகத்தின் மேல் உலோகம் உட்கார்ந்து தேயும். இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

புஷ் இரண்டுக்கு 2,400, ஷாஃப்ட் 1,400, கூலி 1,800. முன்பணம் 4,000 கொடுத்தேன். பில் கேட்டேன். "முடிஞ்சதும் மொத்தமா போட்டுக்கலாம் சார்." பிறகு வழக்கம்போல, நாளைக்கு, கரண்ட் இல்லை, பையன் வரவில்லை, ஊரில் திருவிழா. ஆனி கடைசியில் கைக்கு வந்தது. ஷாஃப்ட்டைச் செருகிக் கையால் சுற்றினால் வெண்ணெய் மாதிரி போனது. அவ்வளவு லேசாகப் போகிறது என்றாலே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கு புஷ்ஷில் 0.03, போனால் 0.05 மில்லிமீட்டர் ஆட்டம் போதும். பின்னால் தேயாத ஓரத்தில் அளந்து பார்த்தபோது 0.25 இருந்தது. வாங்கும்போது என் பையில் அளவெடுக்கும் வெர்னியர் இருந்தது. அதை வெளியே எடுத்தால் அவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சம். மீதி 1,600 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் தாத்தாவின் மாட்டு வண்டியில் சக்கரம் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், ஆடும். வண்டிமையைத் தடவி, கடையாணி இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, மாங்காய் மூட்டையோடு காவேரிப்பட்டணம் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். சக்கரம் ஆடினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, சத்தம்தான் கூடும். புஷ்ஷைப் பற்றி என் மனதில் பதிந்திருந்த படம் அதுதான். காற்றாலை வேறு ஜாதி. காந்தத் தட்டுக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டரோ, கொஞ்சம் கூடவோதான் இடைவெளி. கணக்கைப் பாருங்கள்: 90 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு புஷ்ஷுக்கு நடுவில் ஷாஃப்ட் 0.6 மில்லிமீட்டர் சாய்ந்தால், 150 மில்லிமீட்டர் ஆரமுள்ள தட்டின் விளிம்பு சரியாக 1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். இடைவெளி முழுக்க அதிலேயே போயிற்று.

அப்படியேதான் நடந்தது. ஆடி பிறந்து முதல் வாரத்தில் கம்பத்தை நிமிர்த்தினோம். லேசான காற்றுக்கு அது அசையவே இல்லை. மாங்கிளை ஆடும், இறக்கை ஆடாது. பக்கத்துத் தோப்புப் பெரியவர் தினமும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னும் தூங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இதற்கும் காரணம் புஷ்தான். நல்ல உருளைப் பேரிங்கின் உராய்வுக் கெழு 0.0015 அளவில் இருக்கும். கிரீஸ் வைத்த புஷ்ஷில், இந்த வேகத்தில், 0.1 என்று வைத்துக்கொள்ளலாம். அறுபது மடங்குக்கு மேல். தட்டு, காந்தம், இறக்கை எல்லாம் சேர்த்துப் பதினேழு பதினெட்டு கிலோ அந்த அச்சில் தொங்குகிறது. நம் ஊர், பெரிய காற்றாலைகள் வரிசையாக நிற்கும் முப்பந்தல் இல்லை. இங்கே வருஷத்தில் முக்கால்வாசி நாள் அடிப்பது லேசான காற்று. அதில் கிளம்பாத காற்றாலைக்கு ஆடி ஒன்றுதான் சீசன்.

பலமான காற்றில் சுற்றியது, மின்சாரமும் வந்தது. பன்னிரண்டாவது நாள் ராத்திரி 'கர்… கர்…' என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பிரேக் சுவிட்சைப் போட்டு நிறுத்திவிட்டு, விடிந்ததும் கம்பத்தை இறக்கினோம். காந்தம் ரெசினைச் சுரண்டியிருந்தது. ஒரு காயிலில் எனாமல் போய்ச் செம்பு பளபளத்தது. முன் புஷ்ஷின் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது, கிரீஸில் மஞ்சள் பொடி. இந்தத் தட்டுகளைப் பிரிப்பது ஒரு தனி வேலை. ஒன்றை ஒன்று அப்படி இழுக்கும். நீளமான போல்ட்டுகளைத் திருகித் திருகித்தான் விலக்க முடியும். விரல் நடுவில் மாட்டினால் நசுங்கிப் போகும். கழற்றிச் சேர்க்க முழுசாக ஒரு நாள்.

பட்டறைக்கு எடுத்துப் போனேன். "கிரீஸ் ஒழுங்கா வெக்கல சார் நீங்க" என்றார். புஷ்ஷுக்குள் கிரீஸ் ஓடக் காடியே வெட்டவில்லையே என்றேன். அதைக் காதில் வாங்காமல், "காசு வேணாம் சார். நைலான் போட்டுத் தரேன், அதுக்கு கிரீஸே வேணாம்" என்று வெள்ளைக் கட்டையை எடுத்துக் காட்டினார். கீறல் விழுந்த ஷாஃப்ட்டை எமரித் தாளில் தேய்த்து, அதற்கேற்ற மாதிரி நைலானைக் கடைந்து கொடுத்தார். நானும் வாங்கி வந்தேன். ஒருமுறை ஏமாந்தவன் அந்த இடத்திலேயே இன்னொரு முறை ஏமாறுவான் என்று யாராவது சொன்னால் இனிமேல் நான் சிரிக்க மாட்டேன்.

நைலான் ஈரம் குடிக்கும், குடித்தால் வீங்கும். வெளிப்பக்கம் இரும்புக் குழாய் இறுக்கிப் பிடித்திருப்பதால் வீக்கம் முழுக்க உள்பக்கம்தான் வரும். ஆவணியில் மூன்று நாள் மழை பிடித்தது. நாலாவது நாள் நல்ல காற்று, இறக்கை நகரவில்லை. இறக்கிப் பார்த்தால் ஷாஃப்ட்டை இரண்டு கையால் முறுக்கியும் திருப்ப முடியவில்லை. வெள்ளைப் புஷ் என்றால் எல்லாம் ஒன்றில்லை. ஈரம் அவ்வளவாகக் குடிக்காத டெல்ரின் போன்றவையும் இருக்கின்றன. ஆனால் பார்வைக்கு இரண்டும் வெள்ளைக் கட்டைதான். அவர் இதைத் தெரிந்து கொடுத்தாரா தெரியாமல் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஓசூருக்குப் போனேன். சிப்காட்டில் முப்பது வருஷம் டர்னராக இருந்து இப்போது வீட்டோடு ஒரு சின்ன லேத் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், நண்பர் மூலமாகப் பழக்கம். ஒன்றும் கேட்கவில்லை. பழைய புஷ்ஷை வைஸில் கட்டி அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார். அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதையும் அரம் போட்டார். இரண்டையும் வெயிலில் வைத்து, "பாரு தம்பி" என்றார். என்னுடையது பளிச்சென்ற மஞ்சள். அவருடையதில் ஒரு செம்மை ஓடியது. "இது கன்மெட்டல். உன்னுது பித்தளை. காயலான் கடை சரக்கை உருக்கினதாட்டம் இருக்கு."

கன்மெட்டலில் பரவலாகக் கிடைக்கும் ரகத்தில் செம்பு 85 பங்கு, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் மூன்றும் ஐந்தைந்து பங்கு. தேய்மானத்தைத் தாங்குவதில் வெள்ளீயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பித்தளை என்பது முக்கியமாகச் செம்பும் துத்தநாகமும்தான். எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டின் அடர்த்தியும் பக்கம் பக்கம். புதிதாக வெட்டிய முகத்தின் நிறம்தான் சாட்சி, அதுவும் பக்கத்தில் ஒரு நிஜத் துண்டை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் ஷாஃப்ட்டை கிரைண்டரில் வைத்தார். நீளநீளமாய்ப் பொறிக்கோடுகள், நுனியில் பெரிதாகப் பூ இல்லை. ஈஎன் 8 துண்டு ஒன்றை வைத்துக் காட்டினார். அதில் கார்பன் கூடுதல், பொறியின் நுனிகள் மத்தாப்பு மாதிரி பிரிந்து வெடித்தன. என் ஷாஃப்ட் சாதா மைல்ட் ஸ்டீல். 1,400 ரூபாய்.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். 1,000 ரூபாய் கொடுத்தார், மீதிக்கு "தீபாவளி போகட்டும் சார்" என்றார். பில் இல்லாதவன் எங்கே போய் நிற்பான்? தீபாவளி போய்விட்டது.

ஓசூர் அண்ணன் புது ஷாஃப்ட்டே கடைய மாட்டேன் என்றுவிட்டார். "காத்து முன்னாடியிருந்து தள்ளுதே, அந்தத் தள்ளலை யாரு தாங்குறது? டேப்பர் பேரிங் ஜோடி போடு." டேப்பர் பேரிங்கில் கூம்பு உருளைகள் சாய்வாக உட்கார்ந்திருக்கும், அதனால் அச்சின் வழியே வரும் தள்ளலையும் தாங்கும். எட்டடி விட்டத்துக்கு, விநாடிக்கு 10 மீட்டர் காற்றில், அந்தத் தள்ளல் சுமார் 25 கிலோ வரும். என் வரைபடத்தில் அதைத் தாங்க ஒரு வாஷர் போட்டிருந்தேன், வெறும் வாஷர். கடைசியில் பின்சக்கரம் தள்ளுகிற பழைய வேன் ஒன்றின் முன்சக்கர ஹப்பைக் காயலான் கடையில் பிடித்தேன். உள்ளே ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக உட்கார்ந்த இரண்டு டேப்பர் பேரிங். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். அதிலும் முதலில் போன கடையில் பளபளவென்று அட்டைப் பெட்டியில் ஒரு ஜோடி நீட்டினார்கள். முந்தைய பாடத்தால் அங்கேயே பிரித்தேன். உருளைகளில் ஊசி முனை அளவுக்குத் துருக்குழிகள், வளையத்தில் பாதி எழுத்து பாலிஷில் அழிந்திருந்தது. பழசைத் தேய்த்துப் புதுப்பெட்டியில் போட்டது. வாயைத் திறக்காமல் கீழே வைத்துவிட்டு வேறு கடையில் பில்லோடு வாங்கினேன்.

வீட்டில் செய்த பேரிங்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. காற்றாலையின் தலை திசைக்குத் திரும்புகிற கழுத்தில் இரண்டரை அங்குலக் குழாய் ஒன்றை இரண்டு அங்குலக் குழாயின் மேல் கவிழ்த்து, உச்சியில் ஒரு தட்டு, நிறைய கிரீஸ், அவ்வளவுதான் வைத்திருக்கிறேன். ஒரு குறையும் இல்லை. அங்கே மெதுவாகத் திரும்பினால் போதும், கொஞ்சம் இறுக்கமாக இருப்பதுகூட நல்லது. தாத்தாவின் வண்டிச் சக்கரம் மாதிரி ஆடினாலும் பாதகமில்லை. காந்தத் தட்டைத் தாங்கும் அச்சில்தான் அந்த விளையாட்டு ஆகாது.

அங்கேயும் புஷ்தான் வேண்டும் என்று யாராவது அடம் பிடித்தால், உலோகத்தை நீங்களே கடையில் பில் போட்டு வாங்கி, கடைசலுக்கு மட்டும் லேத்தில் கொடுங்கள். வெட்டின மிச்சத் துண்டைக் கையோடு கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். தாளில் '30' என்று மொட்டையாக எழுதாமல் ஷாஃப்ட் எத்தனை, துளை எத்தனை என்று பாயிண்ட்டோடு எழுதுங்கள். புஷ்ஷை அதன் குழாய் வீட்டுக்குள் அழுத்திச் செருகினால் துளை கொஞ்சம் சுருங்கும் என்பதால் செருகிய பிறகுதான் கடைசி அளவு எடுக்க வேண்டும். அளவு பார்த்துவிட்டு மீதிப் பணம். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்தப் பித்தளைப் புஷ்ஷும், ஓசூர் அண்ணன் கொடுத்த கன்மெட்டல் துண்டும் தோப்பு வீட்டுத் திண்ணையில் ஒரு தகர டப்பாவில் இருக்கின்றன, அரம் போட்ட முகம் மேலே தெரிகிற மாதிரி. பாலக்கோடு பக்கம் வருகிறவர்கள் இரண்டையும் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் லேத்துக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் இருப்பேன்.