டேமேஜ் மீட்டரா, லாக் பார்சரா?

திருப்பாலையிலும் கே.கே. நகரிலும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமில் ரெய்டு (பலர் சேர்ந்து பெரிய எதிரியை அடிக்கும் சண்டை) ஓடும் குழுவுக்கு டேமேஜ் மீட்டர், லாக் பார்சர் இரண்டுமே உதவும். ஆனால் வேலை வேறு வேறு.

யார் எவ்வளவு அடித்தார் (டேமேஜ்) என்ற எண்ணை மீட்டர் சண்டை நடக்கும்போதே காட்டும். அடுத்த முயற்சிக்கு முன் யார் அடி குறைந்தது என்று பார்க்க அதுவே போதும்.

அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 300 விநாடிச் சண்டையில் ஒருவர் 200-வது விநாடியில் இறக்கிறார். அதுவரை 50 லட்சம் டேமேஜ். உயிரோடிருந்த நேரத்தால் வகுத்தால் விநாடிக்கு 25,000; முழு நேரத்தால் வகுத்தால் 16,667 தான். மீட்டர் எதால் வகுக்கிறது என்று செட்டிங்கில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஏன் இறந்தார் என்பதற்கு லாக் வேண்டும். கேம் ஃபைலில் எழுதும் சண்டைப் பதிவுதான் லாக்; அதைப் பிரித்துக் காட்டுவது பார்சர். ‘அட்வான்ஸ்டு காம்பேட் லாகிங்’கை முதலில் ஆன் செய்யுங்கள். அது இல்லையென்றால் நின்ற இடம், கியர் (அணிந்த ஆயுதம், கவசம்) விவரம் பதிவாகாது. பிறகு சாட்டில் சாய்கோடு போட்டு காம்பேட்லாக் (/combatlog) கட்டளை. லாக்-அவுட் ஆனால் பதிவு நின்றுவிடும். திரும்ப வந்ததும் மறுபடி கொடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பதிவு செய்பவர் வெகுதூரம் விலகினால் அங்கு நடப்பதும் விடுபடும், ஆகவே இருவர் பதிவு செய்வது நல்லது.

கரண்ட் போனால்? ஆட்-ஆனாக (கேமில் தனியாகச் சேர்க்கும் துணைச் செயலி) போட்ட மீட்டரின் கணக்கு லாக்-அவுட்டிலோ ரீலோடிலோதான் டிஸ்கில் ஏறும். திடீரென அணைந்தால் அன்றைய கணக்கு போச்சு. லாக் ஃபைல் சண்டையோடு சண்டையாக எழுதப்படுவதால் பெரும்பகுதி தப்பும். யூ.பி.எஸ். இல்லாத வீட்டுக்கு லாக்தான் என் தேர்வு.

பழைய லாக் ஃபைல்களை ரெய்டுக்கு முன்பே நகர்த்திவிடுங்கள். வாரக்கணக்கில் சேர்ந்தால் ஜி.பி. கணக்கில் இடம் பிடிக்கும், அத்தனையையும் போன் ஹாட்ஸ்பாட்டில் பார்சர் தளத்துக்கு ஏற்றி மாளாது.