ரீச் ஆர்ம் மோவர்: சமதளத்தில் தங்கம், சரிவில் தலைவலி

மேட்டுப் பக்கத்துப் பின் சக்கரம். டிராக்டரில் மாட்டி, நீண்ட கையின் முனையில் இருக்கும் தலையால் புதர் வெட்டும் இந்த மெஷின் விஷயத்தில், இத்தனை நாள் ஓட்டிய பிறகும் என்னை நிம்மதியாக உட்கார விடாதது அது ஒன்றுதான். பள்ளத்துப் பக்கம் கையை நீட்டிப் புதரை வெட்டும்போது கண் முழுக்க வெட்டும் தலை மேலேயே இருக்கும், இருந்தாகவும் வேண்டும், கல் கிடக்கும், கம்பி கிடக்கும். தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும் சக்கரமோ முதுகுக்குப் பின்னால், நேர் எதிர்ப் பக்கத்தில்.

அது கிளம்புவதும் உடனே தெரியாது. டிராக்டர் நான்கு காலில் நிற்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் முன் அச்சு நடுவில் ஒரு பிவட்டில், அதாவது சுழல் முளையில், ஆடுகிறது, அதனால் இரண்டு பின் சக்கரங்களும் அந்தப் பிவட்டும் சேர்ந்த முக்கோணத்தின் மேல்தான் வண்டியின் எடை நிற்கிறது. கையை நீட்ட நீட்ட எடை முக்கோணத்தின் ஓரத்துக்கு நகரும். தலையின் எடை மாறாது, ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் அது கவிழ்க்கப் பார்க்கும் திருப்பு விசையும் இரண்டு மடங்கு. இதற்குள் முன் சக்கரங்கள் பாட்டுக்குத் தரையோடு ஒட்டி உருண்டுகொண்டிருக்கும், ஸ்டியரிங்கிலும் பெரிதாக எதுவும் தெரியாது.

நான் நம்புவது டயர் தடத்தைத்தான். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, தலையைத் தரையில் இறக்கி, பிடிஓவை (இன்ஜின் சக்தியை மெஷினுக்குக் கொடுக்கும் தண்டு) நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, பிளேடு சுற்றி ஓயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் பார்ப்பேன். பள்ளத்துப் பக்கம் டயர் பட்டை ஆழமாகப் பதிந்து மண் பிதுங்கியிருக்க, மேட்டுப் பக்கம் புல் மடங்கியதோடு சரி என்றால் அந்த இடத்தில் அவ்வளவு நீட்டம் ஆகாது. சாய்வு காட்டும் கருவி ஒன்றும் கேபினில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்குத் தரையின் சாய்வுதான் தெரியும், கை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரியாது.

திட்டிக்கொண்டே போகக் கூடாது, நல்லதையும் சொல்ல வேண்டும். ஃப்ளோட் அருமை. தலை தரையின் மேடு பள்ளத்துக்குத் தானே ஏறி இறங்கும், ஜாய்ஸ்டிக்கை விடாமல் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆயில் டேங்கைக் கைக்கு எதிர்ப் பக்கம் வைத்து அதையே எதிர் எடையாக்கியதும் புத்திசாலித்தனம். ஆயில் அளவை மட்டும் குறைய விடாதீர்கள், சரிவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

வேர்க்கட்டையில் இடித்தால் கை பின்னால் மடங்கும் ஏற்பாடு இருக்கிறதே, அது சமதளத்தில் வரம். சரிவில் எடை சட்டென்று இடம் மாறி வண்டி ஒரு குலுங்கு குலுங்கும் பாருங்கள், அந்த நொடியில் யாரை வேண்டுமானாலும் திட்டத் தோன்றும்.

நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: முடிந்தவரை கை மேட்டுப் பக்கம். கை ஒரே பக்கம்தான் நீளும் என்பதால் ஒரு திசையில் வெட்டிவிட்டு வெறும் வண்டியைத் திருப்பி ஓட்டிவர வேண்டும், பாதி டீசல் அதிலேயே போகிறது, போகட்டும். பின் சக்கரங்களை அகலமாகத் தள்ளிப் போட்டு, கைக்கு எதிர்ப் பக்க டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன். வண்டி லேசாவது போல இருந்தால் தலையைத் தூக்கவே கூடாது, தரையில் இறக்கிவிட வேண்டும். சீட் பெல்ட்டைப் பற்றி விவாதமே வேண்டாம், பெல்ட் இல்லாவிட்டால் மேலே இருக்கும் பாதுகாப்புக் கம்பிக் கூண்டு காப்பாற்றுவது டிராக்டரைத்தான்.

போன வாரம் ஹோஸ் ஒன்று ஊசித் துளை விட்டுக் கசிந்தது. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிக்கவில்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

அதை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் நண்பர் கேட்டார், கை ஐந்து மீட்டர் நீள்வதை வாங்கவா ஆறு மீட்டரா என்று. சரிவு நிலம் என்றால் ஐந்தே போதும், அதையும் கனமான டிராக்டரில் மாட்டுங்கள் என்றேன். அப்போ உங்கள் ஆறு மீட்டரை எனக்குக் கொடுத்துவிடுங்கள், என் இடம் சமதளம்தான் என்றார். கொடுக்க மாட்டேன்.